பிடித்துப் பார்க்காத கை

வெள்ளவத்தையில் காலி வீதியோரம் ஒரு காப்புக் கடையில் பதினெட்டு வருஷம் நின்றவள் நான். ஒரு பக்கம் புடைவைக் கடை, மறுபக்கம் மருந்துக் கடை, நடுவில் எட்டடி அகலத்தில் நாங்கள். கண்ணாடிக் காப்பு, கல் வைத்த காப்பு, பொட்டு, தலைமுடிக்குக் குத்துகிற கிளிப் எல்லாம் விற்றோம். ஆனால் என்னைத் தேடி வந்தவர்களில் பாதிப் பேருக்குக் காப்பு ஒரு சாட்டு. கையைக் காட்டத்தான் வருவார்கள்.

கண்ணாடிக் காப்பை ஒருத்தியின் கையில் உடையாமல் ஏற்றுவது லேசுப்பட்ட காரியமில்லை. பெருவிரலை உள்ளங்கைக்குள் மடக்க வேண்டும். மற்ற நாலு விரலையும் குவித்து, மூட்டெலும்பை அமுக்கி, இறுக்கமென்றால் கைக்கு ஒரு சொப்பிங் பையை மாட்டி அதன்மேல் வழுக்கவிட வேண்டும். அவ்வளவு நேரமும் அந்தக் கை என் கைக்குள் இருக்கும். சிலர் கையைத் தந்துவிட்டுச் சும்மா நிற்பார்கள். சிலர் தந்த பிறகும் தராத மாதிரி இறுக்கிக்கொண்டு நிற்பார்கள். வேறு சிலர் நான் தொட முன்னமே தாங்களே மடக்கிக் காட்டுவார்கள். வீட்டிலும் அப்படித்தான், ஒருத்தரையும் ஒரு வேலை செய்யவிடமாட்டார்கள். இதைக் கண்டுபிடிக்கப் பெரிய சாத்திரம் தேவையில்லை. ரேகைகளின் பெயர்களை ஒரு பழைய சஞ்சிகையின் நடுப்பக்கத்தில் படித்துத் தெரிந்துகொண்டேன். மிச்சமெல்லாம் கையைப் பிடித்துப் பிடித்து வந்தது.

நான் குணம் மட்டும்தான் சொல்வேன். கலியாணம் எப்போது, விசா சரிவருமா என்று கேட்பவர்களைச் சோதிடரிடம் போகச் சொல்லிவிடுவேன். "நீங்கள் கோபத்தை மூண்டு நாள் சேர்த்து வைச்சு நாலாம் நாள் சட்டி பானையில காட்டுற ஆள்" என்று ஒருத்திக்குச் சொன்னேன். அவள் சிரித்தாள். பின்னால் பைகளைத் தூக்கிக்கொண்டு நின்ற புருஷன் அவளைவிட உரக்கச் சிரித்தான். அடுத்த கிழமை அவள் தன் அக்காவைக் கூட்டிக்கொண்டு வந்தாள். நுகேகொடையிலிருந்து சிங்களப் பெண்களும் வந்தார்கள். "அக்கே, மகே அத்தத் பலன்ன" என்று தங்கள் கையையும் பார்க்கச் சொல்லி நீட்டுவார்கள். என் அரைகுறைச் சிங்களத்தில் சொல்வேன். அதற்கும் தலையாட்டிக்கொண்டு போவார்கள். எனக்குப் பெருமை தலைக்கேறித்தான் இருந்தது, அதை மறைத்து என்ன பயன்.

எனக்கென்று ஒரேயொரு சட்டம் வைத்திருந்தேன். பிடித்துப் பார்க்காத கையைப் பற்றி வாய் திறப்பதில்லை. ரேகை எல்லாருக்கும் கிட்டத்தட்ட ஒன்றுதான். அது எந்தக் கையில் ஓடுகிறது என்பதுதான் விஷயம். ஒரே இருதய ரேகை சூடான மெத்தென்ற கையில் ஒரு கதை சொல்லும், வறண்ட இறுகிய கையில் வேறு கதை சொல்லும்.

என் கையையும் நான் வாசித்திருக்கிறேன். பெருவிரல் பின்பக்கம் வளையாது, தடி மாதிரி நிற்கும். அப்படிப்பட்டவர்கள் இறங்கிப் போகமாட்டார்கள், தங்களுக்கு வேண்டியதை வாய்விட்டுக் கேட்கவும் மாட்டார்கள். கீழ் வீட்டு முஸ்லிம் பெண்ணிடம் இதைச் சொன்னபோது அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். எங்கள் மாடிக்கட்டடத்தில் இருபத்தைந்து வருஷத்துக்கு மேலாக அவள் முதலாம் மாடி, நான் மூன்றாம் மாடி. "இத சொல்றதுக்கு கையப் பாக்கோணுமா அக்கா? ஒங்கட மொகத்தப் பாத்தா போதாதா?" என்றாள். தன் கையை மட்டும் அவள் ஒருநாளும் காட்டியதில்லை. "அல்லாஹ் போட்ட கோடு. அதுல ஒங்களுக்கும் எனக்கும் என்ன வேல?" என்பாள். ஆனால் மற்றவர்களுக்கு நான் சொல்வதை ஒரு சொல் விடாமல் கேட்டுக்கொண்டிருப்பாள்.

என் மகளின் கையையும் நான் வாசித்ததில்லை. அதற்குக் காரணம் வேறு.

அவள் எனக்கு ஒரே பிள்ளை. எட்டாம் வகுப்பில் படிக்கும்போது தகப்பன் காலமாகிவிட்டார். அதன் பிறகு அந்த இரண்டு அறை வீட்டில் நாங்கள் இரண்டு பேரும் ஒருத்தியின் நிழலை ஒருத்தி மிதித்துக்கொண்டு வாழ்ந்தோம். காலி வீதியைக் கடக்கும்போது அவள்தான் என் கையைப் பிடிப்பாள். எனக்கு அந்த ரோட்டில் எப்பவும் பயம். இருபது வயதுப் பிள்ளை தாயின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பஸ்களுக்கு நடுவே நடப்பதைப் பார்த்து முச்சக்கரவண்டிக்காரர்கள் சிரிப்பார்கள். பிறகு அவள் படிக்கவென்று மெல்பேர்ன் போனாள். படித்தாள், வேலை எடுத்தாள், அங்கேயே நின்றுவிட்டாள். அன்றிலிருந்து நான் காலி வீதியைக் கடப்பதென்றால் சிக்னல் வரைக்கும் நடந்து போய்த்தான் கடக்கிறேன்.

ஒருநாள் பின்னேரம் போனில் சொன்னாள். "அம்மா, எனக்கு ஒருத்தரைப் பிடிச்சிருக்கு."

வேலையிடத்தில் பழக்கமான தமிழ்ப் பொடியன். அங்கேயே வளர்ந்தவன். தாய் தகப்பனும் அங்கேதான். நான் நல்லது என்றேன். என்ன படிப்பு, எந்த ஊர்ப் பக்கம் என்று கேட்க வேண்டியதெல்லாம் கேட்டேன். கடைசியில் விளையாட்டாகக் கேட்கிற மாதிரி, "அந்தப் பிள்ளையின்ர கையை ஒருக்கால் போட்டோ எடுத்து அனுப்பன்" என்றேன்.

"அம்மா! அவரிட்டப் போய்க் கையைக் காட்டுங்கோ எண்டு கேக்கேலுமா? சிரிப்பார்."

"சிரிச்சால் சிரிக்கட்டும். ஆம்பிளைக்கு வலது கை. வெளிச்சத்தில வைச்சு எடு."

விளையாட்டு ஒன்றுமில்லை. உண்மையைச் சொன்னால் நான் குற்றம் தேடினேன். அவன் நல்லவனாக இருந்தால் அவள் இனி வரமாட்டாள் என்று எனக்குத் தெரியும். படிப்பு முடிய வருவாள், ஒப்பந்தம் முடிய வருவாள் என்று அதுவரை ஒவ்வொரு வருஷமும் ஒரு நம்பிக்கையைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தேன். கலியாணம் என்றால் அந்தக் கதவு சாத்தியாயிற்று.

இரண்டு நாள் கழித்து வாட்ஸ்அப்பில் படம் வந்தது. விரித்த வலது கை, பின்னால் ஒரு வெள்ளைச் சுவர். நான் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பெரிதாக்கிப் பார்த்தேன். ஆம்பிளைக் கைக்குக் கொஞ்சம் சின்னது, ஆனால் இந்தக் காலத்து ஒபிஸ் வேலைக்காரப் பொடியன்களின் கை அப்படித்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வெட்டிய நகம். நேரான விரல்கள். இருதய ரேகை நன்றாகத்தான் ஓடியிருந்தது. ஆனால் அதைக் குறுக்கே வெட்டிக்கொண்டு சுண்டுவிரலடியிலிருந்து ஒரு கோடு சரிந்து இறங்கியிருந்தது. நான் அதைப் பிடித்துக்கொண்டேன்.

என் சட்டத்தை மறந்தேன். மறக்கவில்லை, மீறினேன். நாலு நிமிஷம் வொய்ஸ் மெசேஜ் அனுப்பினேன். "பிள்ளை, இந்தக் கைக்கு அன்பு இருக்கு, ஆனால் நிண்டு பிடிக்காது. குறுக்கால ஒரு வெட்டு ஓடுது பார். இது பெத்தவையை வெட்டிப்போட்டுப் போற கை. தனக்கு வேணுமெண்டதை எடுத்துக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் போகும். இப்படிப்பட்ட ஆளை நம்பி நீ இருக்காதை." இன்னும் என்னென்னவோ சொன்னேன். பதினெட்டு வருஷம் வாடிக்கையாளருக்கு அளந்து சொன்னதையெல்லாம் அன்றைக்கு அளக்காமல் கொட்டினேன்.

இரண்டு நீலச் சரிக்குறி விழுந்தது. அன்று பதில் இல்லை. அடுத்த நாளும் இல்லை. மூன்றாம் நாள் காலமை நான் மரக்கறி வெட்டிக்கொண்டிருக்கும்போது போன் எடுத்தாள்.

"அம்மா, அது என்ர கை."

கத்தியைக் கீழே வைத்தேன்.

"அவரிட்டக் கேக்க வெக்கமா இருந்தது. சும்மா என்ர கையை எடுத்து அனுப்பினனான். நீங்கள் நல்லதா ரெண்டு சொல் சொல்லுவீங்கள், அதோட விஷயம் முடியும் எண்டு நினைச்சன்." பிறகு கேட்டாள், "என்ர கையை உங்களுக்குத் தெரியேல்லையே அம்மா?"

போன் கட்டாயிற்று.

எனக்கு முதலில் வந்தது கோபம். பொய் சொல்கிறாள், என்னை வருத்துவதற்காகச் சொல்கிறாள் என்று நினைத்தேன். என் பிள்ளையின் கை எனக்குத் தெரியாதா? அவளுடைய சின்ன வயதுத் தழும்பு இடது கையில் அல்லவா இருக்கிறது, இது வலது கை. போனைத் தூக்கிக்கொண்டு கீழே இறங்கி முதலாம் மாடிக் கதவைத் தட்டினேன். கீழ் வீட்டுக்காரி தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொல்லிப் போனை நீட்டினேன். படத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு மேசையில் கிடந்த பிஸ்கட் பெட்டியை முகத்துக்கு நேரே பிடித்து, தன் போனின் முன்பக்கக் கமராவால் ஒரு படம் எடுத்துக் காட்டினாள். பெட்டியில் எழுதியிருந்த எழுத்தெல்லாம் இடம் வலமாக மாறிக் கிடந்தது.

"செல போன் இப்டித்தான் அக்கா, கண்ணாடி மாதிரி. எடதக் காட்டினா வலதாத் தெரியும்."

மேலே ஏறி வந்து படுக்கையறைக் கண்ணாடிக்கு முன்னால் போனைத் திருப்பிப் பிடித்தேன். கண்ணாடிக்குள் ஒரு இடது கை தெரிந்தது. சுண்டுவிரலடியிலிருந்து சரிந்து இறங்கும் அந்தக் கோடு, தையல் போட்ட இடத்தில் சின்னச் சின்ன முடிச்சோடு, எனக்குத் தெரிந்த இடத்தில் இருந்தது. நான் கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன்.

அது ரேகை இல்லை. அவளுக்கு ஆறு வயது. பள்ளிக்கூடத்துக்கு நேரமாயிற்று, எனக்குக் கடை திறக்க நேரமாயிற்று. எங்கள் மாடிப்படி வாசலில் மடித்து இழுக்கிற இரும்புக் கேற் அப்போது இருந்தது. பின்னால் திரும்பிப் பார்க்காமல் அதை இழுத்து அடித்தேன். அவள் கை அதற்குள் இருந்தது. ஆஸ்பத்திரியில் ஐந்து தையல். பிள்ளை அழவில்லை, நான்தான் அழுதேன். கட்டுப் பிரித்த அன்று உள்ளங்கையை விரித்துப் பார்த்துவிட்டுக் கேட்டாள், "அம்மா, இனி என்ர கையில என்ன எழுதியிருக்கும்?"

"ஒண்டுமில்லை பிள்ளை. அது அம்மா போட்ட கோடு. அதை ஒருத்தரும் வாசிக்கக் கூடாது. அம்மாவும் வாசிக்க மாட்டன்."

அதுதான் நான் சொன்ன காரணம். அதனால்தான் ஊர்க் கையெல்லாம் பார்த்த நான் அவள் கையைப் பார்க்கவில்லை. கடைசியில் பார்த்தபோது, வாசிக்கமாட்டேன் என்று வாக்குக் கொடுத்த அந்த ஒரு கோட்டைத்தான் முதலில் வாசித்தேன்.

உடனே போன் எடுத்து மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். இப்போது எழுதும்போது எவ்வளவு சுலபமாக இருக்கிறது. நான் எடுத்தேன்தான். எடுத்து, "படம் இடம் வலம் மாறிப்போச்சு பிள்ளை, உன்ர போனில ஏதோ பிழை" என்றேன். பழியைத் தூக்கிப் போனில் போட்டேன். வளையாத பெருவிரல் அல்லவா.

அவள் சண்டை பிடிக்கவில்லை. சண்டை பிடித்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். "படம் மாறினது பரவாயில்லை அம்மா. ஒண்டு கேக்கட்டா? அது என்ர கை எண்டு தெரிஞ்சிருந்தா என்ன சொல்லியிருப்பீங்கள்?" என்று மட்டும் கேட்டாள்.

எனக்கு விடை தெரியும். அதே கையைப் பார்த்து, பாசம் ஆழமான பிள்ளை, நினைத்ததை முடிக்கிற பிள்ளை, எவ்வளவு நொந்தாலும் அழாத பிள்ளை என்று சொல்லியிருப்பேன். கோடு ஒன்றும் மாறியிருக்காது. அதைச் சொல்லாமல், அடுப்பில் கறி கிடக்கிறது என்றேன். அவளும் அதற்குமேல் கேட்கவில்லை.

கலியாணம் அங்கேயே நடந்தது. எனக்கு டிக்கெட் போடுகிறேன் என்றாள். கூப்பிட்ட குரலில் கடமை இருந்தது, ஆசை இல்லை என்று எனக்குப் பட்டது. முழங்கால் நோவு என்று சொல்லிவிட்டேன். இரண்டாவது தரம் கேட்பாள் என்று காத்திருந்தேன், கேட்கவில்லை. கூறைச் சேலையோடு அவள் மாலை மாற்றுவதை வீடியோ கோலில் பார்த்தேன். கீழ் வீட்டுக்காரி பக்கத்தில் இருந்து என் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். மருமகன் நல்ல பிள்ளை. என்னை "அன்ரி" என்று தொடங்கி, "அம்மா" என்று திருத்தி, அவன்தான் பிறந்தநாளுக்கு மறக்காமல் போன் எடுக்கிறான். அவன் கையை நான் இன்றுவரை பார்த்ததில்லை.

நாலு வருஷமாயிற்று. ஞாயிற்றுக்கிழமை பத்து நிமிஷம் கதைப்போம். அங்கே குளிரா, இங்கே மழையா, என்ன சமையல். அவ்வளவுதான். ஒருதரமும் அவள் கொழும்புக்கு வரவில்லை. வரச்சொல்லி நானும் கேட்கவில்லை. திரும்பிப் பார்க்காமல் போகிற கை என்று சொன்னேன், போய்விட்டாள். சில நாட்களில், பார், சொன்னது சரியாகத்தானே வந்திருக்கிறது என்று என் பழைய கெட்டித்தனம் உள்ளுக்குள் எட்டிப் பார்க்கும். சொல்லாவிட்டால் வந்திருக்குமா என்று நினைத்தவுடன் அடங்கிவிடும்.

காப்புக் கடை இப்போது இல்லை, அந்த இடத்தில் போன் திருத்துகிறார்கள். வழியில் காணும் பழைய வாடிக்கைக்காரிகள் கையை நீட்டுவார்கள். கண் தெரியுதில்லை என்று சொல்லித் தப்பிவிடுவேன். பொய்தான். கை நீட்டினால் பிடிக்க வேண்டும், பிடித்தால் அது என் பிள்ளையின் கை இல்லை என்று தெரியும். அந்த ஏமாற்றம் எனக்கு வேண்டாம்.

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்குப் போயிருந்தேன். நான் சைவக்காரிதான், ஆனால் செவ்வாயில் அங்கே யார் என்ன சமயம் என்று பார்ப்பதில்லை. வாசலில் சனம் நெருக்கியது. திடீரென்று ஒரு பிள்ளையின் கை என் கையைப் பிடித்துக்கொண்டது. இருபத்திரண்டு, இருபத்திமூன்று வயதிருக்கும். வேறு பக்கம் பார்த்துக்கொண்டு, தன் தாயின் கை என்று நினைத்து என்னை நாலைந்து அடி இழுத்துப் போனாள். நானும் கூடவே நடந்தேன். திரும்பிப் பார்த்துவிட்டு, "ஐயோ, சொறி அன்ரி" என்று விட்டுவிட்டாள். மெழுகுதிரி கொளுத்தப் போனவள் கொளுத்தாமல் ஒரு ஓரத்தில் போய் நின்றுகொண்டேன். அந்தக் கை விட்ட இடம் நெடுநேரம் சூடாக இருந்தது. எனக்கு என் பிள்ளை வேண்டும் என்று இருந்தது. வேறு ஒன்றையும் கேட்க வாய் வரவில்லை.

இந்தக் கிழமை, புதன்கிழமை பின்னேரம், அவளிடமிருந்து ஒரு மெசேஜ் வந்தது. ஞாயிறு இல்லாத நாளில் வந்ததால் பயந்துகொண்டுதான் திறந்தேன்.

"அம்மா, சிநேகிதி ஒருத்திக்குக் கலியாணம். சாறிக்குக் கண்ணாடிக் காப்பு ஒன்லைனில ஓடர் பண்ணப் போறன். என்ர அளவு என்ன?"

கீழே ஒரு படம். மேசையில் உள்ளங்கை மேலே தெரிய விரித்து வைத்த கை. இந்த முறை பின்பக்கக் கமராவால் எடுத்திருக்கிறாள், இடது கை இடது கையாகவே இருந்தது. அந்தத் தழும்பு வெளிச்சத்தில் வெள்ளையாகத் தெரிந்தது. கை கொஞ்சம் மெலிந்திருந்தது. நான் ரேகை ஒன்றையும் பார்க்கவில்லை. மூட்டின் அகலத்தைப் பார்த்தேன், பெருவிரலடிச் சதையைப் பார்த்தேன். இரண்டு நாலு. ஒரு பார்வையில் காப்பளவு தெரிந்துவிட்டது. காலி வீதிக்கு அந்தப் பக்கம் நிற்கிறவளின் அளவையே இந்தப் பக்கமிருந்து சொல்லுகிற ஆள் நான்.

"இரண்டு நாலு" என்று எழுதினேன். அனுப்பினால் அதோடு முடிந்துவிடும். நன்றி அம்மா என்று வரும், பிறகு ஞாயிற்றுக்கிழமைதான். அழித்தேன். "படத்தில பார்த்துச் சொல்ல ஏலாது பிள்ளை. பிடிச்சுப் பார்க்க வேணும்" என்று எழுதி அனுப்பினேன்.

உடனேயே பதில் வந்தது. "பொய். ரோட்டில போறவையின்ர அளவே நீங்கள் சொல்லுவீங்கள்."

பிடிபட்டுவிட்டேன். முந்தி என்றால் கண் தெரியவில்லை என்றோ, படம் தெளிவில்லை என்றோ ஏதாவது ஒன்றைச் சொல்லிச் சமாளித்திருப்பேன். சமாளிக்க வேண்டிய சொல் விரல் நுனியில் நின்றது. அந்த வெள்ளைத் தழும்பை இன்னொரு தரம் பார்த்தேன். பிறகு எழுதினேன்.

"ஓம், பொய். இரண்டு நாலு. அண்டைக்குப் போனில பிழையில்லை, என்னிலதான் பிழை. அந்தக் கோடு நான் போட்டது, நான் வாசிச்சிருக்கக் கூடாது. ஒருக்கால் வா, பிள்ளை. எனக்கு உன்ர கையைப் பிடிக்க வேணும்."

இரண்டு சரியும் நீலமாயின. எழுதுகிறாள் என்று மேலே காட்டியது. நின்றது. மறுபடி காட்டியது. நான் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு இருந்தேன்.